கழற்றிய கேபிளின் மறுமுனை

கழற்றிய கேபிள் அவன் கையில்தான் இருந்தது. ஆனாலும் அவன் அனுப்பியதை மறுமுனையில் யாரோ வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் சாப்பிடப் போய்விட்ட அலுவலகத்தில், ஏசியின் சீரான இரைச்சலுக்கும் யாரோ உரித்துப் போட்டுவிட்டுப் போன ஆரஞ்சுத் தோலின் வாசனைக்கும் நடுவே, அவன் திரையையே வெறித்துக்கொண்டிருந்தான். கணினிக்குள் இன்னொரு கணினியாக ஓடும் விர்ச்சுவல் மெஷினைச் சோதிப்பது அவன் வேலை. அது கேபிள் வழியே வரிகளை எழுதி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்க வேண்டும். மறுமுனையோடு இருந்த இணைப்பு அறுந்ததை அது கண்டுகொண்டு, 'எழுத முடியவில்லை' என்று பிழை காட்டி நிற்க வேண்டும். காலையிலிருந்து நாற்பது முறை சமர்த்தாக நின்றது. இந்த முறை நிற்கவில்லை. அவன் தட்டிய 'சோதனை வரி நாற்பத்தொன்று' போய்ச் சேர்ந்துவிட்டதாகத் திரை சொன்னது.

எங்கே போய்ச் சேர்ந்தது? இருக்கிற தலைவலி போதாதென்று இது வேறு என்று சலித்துக்கொண்டு வீட்டுக்கு போன் போட்டான். மனைவிக்கு எட்டாவது மாதம். மணிக்கொரு தரம் அவள் குரலைக் கேட்காவிட்டால் அவனுக்கு வேலை ஓடாது.

"சாப்பிட்டியா?"

"என்ன விளையாட்டு இது? ஹால்ல உக்காந்துக்கிட்டு எதுக்கு போன்?" அவள் சிரித்தாள். "வந்ததுலேர்ந்து ஒண்ணையே சொல்லிட்டிருக்கீங்க. அது என்ன சோதனை வரி நாப்பத்தொண்ணு?"

வீடு ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தது.

"நான் ஆபீஸ்ல இருக்கேன். அது நான் இல்ல. உடனே வெளிய போ!"

"ஹலோ? ஒண்ணும் கேக்கலையே."

தொண்டை கிழியக் கத்தினான். அவள் மூச்சு வாங்குவதும், விசிறி சுற்றுவதும், செருப்பில்லாத கால்கள் தரையில் மெல்ல நடப்பதும் அவனுக்குத் துல்லியமாகக் கேட்டன. அவன் சொல்வதுதான் போகவில்லை.

திரையில் எழுதுவது அங்கே கேட்கிறதே! தட்டினான். 'வெளியே ஓடு.'

எழுத முடியவில்லை.

மறுபடியும் தட்டினான். எழுத முடியவில்லை. கேபிளைச் செருகினான். எழுத முடியவில்லை.

அதன் கீழே ஒரு வரி தானாக வந்தது. அவன் தட்டாத வரி. 'கதவைச் சாத்து.'

"கதவைச் சாத்து," என்றது போனில் அவனுடைய குரல். அவன் ஒருநாளும் அவளிடம் அவ்வளவு அன்பாகப் பேசியதில்லை.

"இதோ சாத்தறேங்க." தாழ்ப்பாள் விழுந்தது.

'போனை வை.'

இணைப்பு அறுந்தது. மறுபடி கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

விசைப்பலகையை அடித்தான். கெஞ்சினான். எழுத முடியவில்லை. எழுத முடியவில்லை. நடுவில், அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக வரிகள் வந்தன.

'படு.' போய்ச் சேர்ந்தது.

'அசையாதே.' போய்ச் சேர்ந்தது.

'அழாதே.' போய்ச் சேர்ந்தது.

'அழாதே.' போய்ச் சேர்ந்தது.

'ரெண்டு பேரும் அழாதீங்க.'