ம் கொட்டுகிறவள்

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நல்ல மத்தியானம். பேய்க்கதை என்றால் இருட்டும் ஆந்தையும் வேண்டும் என்பார்கள். எனக்கு நேர்ந்தது பட்டப்பகலில். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

என் தங்கச்சி யோகேஸ்வரியைப் பார்க்கத்தான் வந்தேன். அவள் புருசன் ராம்குமார் பட்டாளத்தில் இருக்கிறான், ஜம்மு பக்கம். காலையில் அவன்தான் போன் போட்டான்.

"மதினி, அவ என்கிட்ட பேசவே மாட்டேங்கா. என்ன கேட்டாலும் ம்முன்னுதான் சொல்லுதா. எனக்குக் குவார்ட்டர்ஸ் கெடச்சிருச்சு, கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். எங்கம்மா என்னடான்னா, புத்தி சரியில்லாதவள அங்க கொண்டுபோய் என்ன செய்யப் போற, அவ அக்கா வீட்டுல விட்டுருங்காக. நீங்க ஒரு எட்டு போய்ப் பாருங்க."

ஆத்தாவும் அப்பனும் போன பிறகு அவளை வளர்த்தது நான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் நின்றுகொண்டே துணி மடித்து என் முழங்கால் போயிற்று. மாரிக்கனி என்கிற என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஒருத்தனும் வரவில்லை. அவளுக்காவது வந்தானே என்று இருந்தேன். அந்த வாழ்க்கையும் அறுந்துபோகுமோ என்று வழியெல்லாம் சாமியை வேண்டிக்கொண்டே வந்தேன்.

திருமுக்குளத்துக்குப் பின்னால் பழைய ஓட்டு வீடு ஒன்றில் அவள் வாடகைக்கு இருந்தாள். வெளியே தார் உருகுகிற வெயில். கதவைத் தள்ளினால் உள்ளே கிணற்றுக்குள் இறங்கியது போல் குளிர். ஈரச் சுண்ணாம்பும் அழுகிய துளசியும் கலந்த வாடை.

உள் அறையில் ஒரு ஆண் குரல்.

'அடிப் பாவி, இதுக்குத்தானா?' என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ஆனால் ஆள் யாரும் இல்லை. யோகா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் போன் பேசிக்கொண்டிருந்தது.

"புரவியிலிருந்து குதித்த இளவரசன், அவள் கூந்தலில் தங்கிய மழைத்துளியைப் பார்த்தபடி நின்றான். 'தேவி, நீ பேசாதிருப்பது என் வாளைவிடக் கூர்மையாக இருக்கிறது' என்றான்."

குரல் நின்றது.

"ம்" என்றாள் யோகா.

குரல் தொடர்ந்தது.

முதலில் எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. கதை சொன்னால் கேட்கிறவர்கள் ம் கொட்ட வேண்டும். எங்கள் ஆத்தா அடுப்படியில் கதை சொல்லும்போது நாங்கள் ரெண்டு பேரும் போட்டி போட்டுக் கொட்டுவோம். கொட்டாவிட்டால் கதை அந்த இடத்திலேயே நின்றுபோகும். ஒரு தடவை ம் கொட்டிவிட்டால் முடிகிறவரைக்கும் எழுந்து போகக்கூடாது, அது சொல்கிறவரை அவமதிப்பது. டிவிக்கே ம் கொட்டுகிறவர்கள் எங்கள் தெருவில் உண்டு.

அந்தக் குரலும் எனக்குத் தெரிந்ததுதான். நவநீதகிருஷ்ணன், போனில் கேட்கிற ஒலிப்புத்தகங்களை வாசிக்கிறவர். துணி மடிக்கும்போது காதில் மாட்டிக்கொண்டு நானும் இந்த ராஜா ராணிக் காதல் கதைகளைக் கேட்பேன். எல்லாவற்றிலும் அதே இளவரசன், அதே குதிரை. புத்தகமாகப் படித்தால் பத்தாம் பக்கத்தில் தூக்கி எறிந்திருப்பேன். அந்த மனுசன் வாசித்தால் நிலைமையே வேறு. 'தேவி' என்று சொல்வதற்கு முன்னால் சின்னதாக ஒரு மூச்சு இழுப்பார். அதைக் கேட்டாலே துணி மடிக்கிற கை நின்றுவிடும். எங்கள் கம்பெனியில் பாதிப் பெண்கள் அந்த மூச்சுக்கு அடிமை.

இந்தக் கதையைப் பாதி வாசித்திருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். மீதியை வேறொரு பையனை வைத்து வாசிக்கவைத்தார்கள். அவன் பஸ் ஸ்டாண்டில் 'சங்கரன்கோவில், தென்காசி' என்று கூவுகிறவன் மாதிரி காதல் சொன்னான். இளவரசன் அவளைக் கட்டிப்பிடிக்கும்போது எனக்குக் கொட்டாவி வந்தது. இருந்தாலும் முடிவு தெரிய வேண்டுமே என்று கல்யாணம் வரைக்கும் கேட்டுத் தொலைத்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மழைக் காட்சி, பையன் வாசித்த பகுதி.

என் போனை எடுத்து அந்த இடத்தைப் போட்டேன். பையனின் குரல்தான் வந்தது. மழை, கூந்தல், வாள் எல்லாம் அதே வரிகள். எங்கும் நிற்காமல் கடகடவென்று ஓடியது.

அவள் போனில் செத்தவர் வாசித்துக்கொண்டிருந்தார். நிறுத்தி நிறுத்தி, அவளுக்காகக் காத்திருந்து.

"ஏட்டி யோகா, சாப்பிட்டியாட்டி?"

"ம்."

"என்னயப் பாருட்டி. நான் யாரு?"

"ம்."

கன்னம் ஒட்டி, உதடு வெடித்துக் கிடந்தது. கண் என் மேல் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அவள் போனைப் பிடுங்கி அணைத்தேன். திரை கறுத்துப் போயிற்று.

குரல் நிற்கவில்லை.

அது போனிலிருந்து வரவில்லை. அவளுக்குப் பக்கத்தில், அவள் உட்கார்ந்திருந்த உயரத்தில் இருந்து வந்தது.

போனைக் கீழே போட்டுவிட்டு அவள் வாயைக் கையால் பொத்தினேன். இளவரசன் என்னவோ சொல்லி முடித்தான். குரல் நின்றது.

மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம், புத்தகத் தமிழை விட்டுவிட்டு, எங்கள் ஊர்ப் பேச்சில் அது கேட்டது.

"கேட்டுக்கிட்டு இருக்கியா தாயி?"

என் உள்ளங்கையில் பட்டுக்கொண்டிருந்த யோகாவின் மூச்சு நின்றது. கையை எடுத்தேன். அப்போதும் மூச்சு வரவில்லை. உதடு நீலம் பாரித்தது.

"ஏட்டி! மூச்சு விடுட்டி!"

கன்னத்தில் அறைந்தேன், நெஞ்சைத் தேய்த்தேன். தலை தொங்கிப் போயிற்று.

"பாதிதான் சொல்லிருக்கேன்," என்றது குரல், ரொம்பப் பணிவாக. "பாதியில விட்டுட்டுப் போகக் கூடாதுல்லா."

அய்யோ, நான் யோசிக்கவே இல்லை. என் பிள்ளை மாதிரி வளர்த்தவள் கண் முன்னால் போகிறாள்.

"ம்" என்றேன்.

யோகா பெரிதாக ஒரு மூச்சு வாங்கி இருமினாள். என்னைப் பார்த்து, "அக்கா, நீ எப்ப வந்த? பசிக்குது" என்றாள்.

என் இடது காதுக்குள் இளவரசன் வாளை உறையில் போட்டான்.

ராம்குமார் லீவில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். ரயிலடியில் வைத்து நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"ஒத்தையில கெடந்து ஒனக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு. நல்ல டாக்டரா பாருக்கா."

நல்லாயிரு என்று சொல்லி அனுப்பினேன். அதன் பிறகு அவள் எனக்குப் போன் போட்டதைவிட, பனியில் சேலை கட்டி நின்று எடுத்த படங்களை ஸ்டேட்டஸில் போட்டதுதான் அதிகம்.

எனக்குக் கம்பெனி, தறிச் சத்தம், அந்தக் குரல். எத்தனை தறி ஓடினாலும் அது தெளிவாகக் கேட்கும். பையன் வாசித்தது கல்யாணத்தோடு முடிந்தது. இவர் முடிக்கவில்லை. இளவரசனுக்குப் பிள்ளை பிறந்து, பிள்ளைக்குப் பிள்ளை பிறந்து, கதை பேரன் காலத்துக்கு வந்துவிட்டது. நான் ம் கொட்டிக்கொண்டே துணி மடிப்பதைப் பார்த்துப் பக்கத்தில் நிற்கிறவர்கள் தள்ளி நின்றுகொண்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆரம்பத்தில் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. தேவி என்று என்னை வேறு யார் கூப்பிட்டார்கள்?

பொங்கலுக்கு யோகா வரவில்லை. பொங்கல் கழிந்து, கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நானே போன் போட்டேன்.

"அக்கா, ஆபீசர் வீட்டம்மா வந்திருக்காக. சும்மா சும்மா போடாத. பொறவு பேசுதேன்."

வைத்துவிட்டாள்.

துணி மடிக்கத் திரும்பிய எனக்கு எரிந்தது. இவளுக்காக முழங்கால் போயிற்று, தூக்கம் போயிற்று, பைத்தியக்காரி என்ற பெயரும் வந்தது. இவளுக்கு நான் சும்மா சும்மா போடுகிறேனாம்.

குரல் ஒரு வாக்கியத்தை முடித்து நின்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மூச்சு இழுக்கும் சத்தம்.

நான் துணியை மடித்தேன். நீ காத்துக் கிட, இனி ம் கொட்ட என்னால் முடியாது.

"கேட்டுக்கிட்டு இருக்கியா தாயி?"

மடித்தேன். துளசி அழுகிய வாடை வந்தது.

என் போன் அடித்தது. ராம்குமார்.

"மதினி! யோகாவுக்கு மூச்சு வரல மதினி! சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தவ அப்படியே சாஞ்சுட்டா. ஒதடெல்லாம் நீலமாயிருச்சு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிருக்கு. மதினி, கேக்குதா? மதினி?"

இடது காதில் அந்த மூச்சு இன்னும் காத்திருந்தது.

"ம்" என்றேன்.

தூரத்தில் யோகா இருமுவது கேட்டது. "வந்துருச்சு! மூச்சு வந்துருச்சு!" என்று ராம்குமார் அழுதான். ம் சொன்னது தனக்குத்தான் என்று அவன் நினைத்திருப்பான். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "யாரு, அக்காவா? ஒண்ணுமில்ல, லேசா மயக்கம்னு சொல்லி வையிங்க."

அவன் போனை வைத்தான்.

இளவரசனின் பேரன் குதிரையை விட்டு இறங்கி, மழையில் நின்ற ஒருத்தியின் பக்கத்தில் வந்தான். அவளுக்கு நடுவயது, முழங்கால் வலியால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அவன் அவள் பெயரைச் சொன்னான்.

"மாரிக்கனி" என்றது குரல். பிறகு நின்றது.

"ம்."