மூச்சிணை

ஜெனோவா மார்பில் மூச்சிணைப் பட்டையைக் கட்டிக்கொண்டு தொட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் தொட்டிலுக்குள் ஒரு கிலோகூடத் தேறாத ஆண் குழந்தை. அவள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் அவன் முதுகில் ஒட்டியிருந்த வில்லை மெல்ல அழுத்தியது. அவனும் இழுத்தான்.

பிள்ளையைப் பெற்ற அமலி சக்கர நாற்காலியில் இருந்தபடி அதைப் பார்த்தாள். அவளுக்கு வயிறு எரிந்தது.

குறைமாதக் குழந்தையின் மூளைக்கு மூச்சு விடுவது முழுதாகப் பழகியிருக்காது. நடுநடுவே மறந்துபோகும். இருபது வினாடி மறந்தால் நூற்றைம்பதில் துடிக்கிற இதயம் எழுபதுக்கு இறங்கும். மூளைக்குப் போகிற ரத்தத்தில் பிராணவாயு குறையும். முன்பெல்லாம் நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டிவிட வேண்டும். இப்போது ஒரு பெரியவரின் மூச்சுத் தாளமே வில்லை வழியாகக் குழந்தைக்குப் போகிறது. மூன்று நாளில் அதன் மூளை அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வேறொருவர் தாளத்துக்கு எளிதில் இணங்காது.

அந்த மூன்று நாளும் அமலி ரத்த அழுத்தம் ஏறி நினைவில்லாமல் கிடந்தாள். கணவன் சேவியர் கப்பலில். ஆகவே அவன் தங்கை ஜெனோவா பட்டையைக் கட்டிக்கொண்டாள்.

"மைனி, பாத்தீங்களா? என் சத்தம் கேட்டாலே தலையத் திருப்புதான்."

"பாத்துட்டுத்தான இருக்கேன்," என்றாள் அமலி.

அன்றே டாக்டர் இன்பவல்லியைப் பிடித்தாள். "பட்டைய எனக்கு மாத்திக் குடுங்க டாக்டர். நான்தான பெத்தவ."

"மாத்தலாம்மா. ஆனா புதுத் தாளம் பழகுற வரைக்கும் அடிக்கடி மூச்சு நிக்கும். பிஞ்சு மூளை தாங்காது. கொஞ்சம் பொறுங்க."

அமலி பொறுக்கவில்லை. மறுநாள் ஜெனோவா பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். காவலுக்கு நின்ற நர்ஸ் அடுத்த தொட்டில் பக்கம் திரும்பிய நேரத்தில் அமலி அதை எடுத்துத் தன் மார்பில் கட்டினாள்.

குழந்தையின் மூச்சு நின்றது. திரையில் நூற்றிருபது, தொண்ணூறு, அறுபத்தெட்டு. உதடு நீலம் பாய்ந்தது. பயத்தில் அமலியும் மூச்சை அடக்கிக்கொண்டாள். பட்டை அனுப்புவதற்கு எதுவுமே இல்லாமல் போயிற்று.

"ஐயோ, நீங்க ஏன் மூச்சப் பிடிச்சுட்டு நிக்கீங்க?" நர்ஸ் பாய்ந்து வந்து குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். அமலி அலறிவிட்டு மூச்சை இழுத்தாள். அவனும் இழுத்தான். இதயம் உடனே ஏறிவிட்டது. மூளையின் பிராணவாயுவைக் காட்டும் கோடு மேலே வர இன்னும் வெகுநேரம் பிடித்தது.

டாக்டர் திட்டித் தீர்த்தார். மூளைப் படத்தில் பாதிப்பு ஏதும் தெரியவில்லை. ஆனால் ஜெனோவா மறுபடி பட்டையைக் கட்டியபோது குழந்தை அவளுக்கு இணங்கவில்லை. செத்துப் பிழைத்த நொடியில் கிடைத்த மூச்சை அவன் மூளை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது.

"உங்க பிள்ள உங்ககிட்டயே வந்துட்டான் மைனி," என்று ஜெனோவா பட்டையை நீட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். அமலிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

ஒரு வாரம் கழித்து டாக்டர் அட்டவணையோடு வந்தார். "மத்த நேரமெல்லாம் நல்லா இருக்கான். தினமும் நாலு மணிக்கு மேல மட்டும் ஏன் மூச்சு நிக்குது? நாலு மணிக்கு என்ன நடக்குது?"

"பார்வையாளர் நேரம் டாக்டர்," என்றார் நர்ஸ்.

அமலி தலை குனிந்தாள். நாலு மணிக்கு ஜெனோவா வருவாள். தொட்டில் மேல் குனிந்து ஏதாவது பேசுவாள். பிள்ளை அவள் பக்கம் முகம் திருப்புவான். அமலிக்கு மூச்சு அடைத்துக்கொள்ளும்.

அன்று மாலையே சொல்லிவிட்டாள்: "நீ இனிமே வராத ஜெனோவா. அவனுக்கு ஆகல."

ஜெனோவா வரவில்லை. நாலு மணி மட்டும் தவறாமல் வந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவளோ என்று அமலிக்கு மூச்சு நின்றது. அவளைத்தான் பிள்ளை தேடுகிறானோ என்று நினைத்தால் இன்னும் நின்றது. மூன்றாம் நாள் அவன் இதயம் எழுபத்திரண்டுக்கு இறங்கியது. அமலி போனை எடுத்தாள்.

"ஜெனோவா, நாளைக்கு வா."

"அவனுக்கு ஆகலன்னு சொன்னீங்களே மைனி?"

"அவனுக்கு ஒண்ணுமில்ல. உன்ன நெனச்சா எனக்குத்தான் மூச்சு அடைக்குது. அதத்தான் அவனும் படிச்சுக்கிட்டான்."

"எனக்கும் உங்க மேல அப்படித்தான் இருந்துச்சு மைனி, நீங்க பட்டைய வாங்கிக்கிட்டப்ப," என்றாள் ஜெனோவா. "வாரேன்."

மறுநாள் பட்டையைக் கழற்றாமல் அமலியே பிள்ளையைத் தூக்கி அவள் கையில் வைத்தாள். அவன் ஜெனோவாவின் கழுத்தில் முகம் புதைத்தான். திரையில் நூற்று நாற்பது, நூற்றிருபது, நூறு. அமலியின் மனசில் இருந்தது அங்கே எல்லோரும் பார்க்கும்படி எண்ணாகத் தெரிந்தது. நர்ஸ் பார்த்தார். ஜெனோவாவும் பார்த்தாள், பிள்ளையைத் திருப்பித் தர எழுந்தாள்.

"உக்காரு," என்றாள் அமலி. கண்ணை மூடி, வலிக்க வலிக்க மூச்சை வெளியே விட்டாள். இன்னொரு தடவை இழுத்தாள். நூற்றுப் பத்து. நூற்று முப்பது.

"இன்னும் கொஞ்ச நேரம் வச்சுக்க. எனக்குப் பழகணும்."