ஆன்ட்டியின் முறை

அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது ஜன்னல் திரை மூடியிருந்தது. தெருவில் வெளிச்சம் இன்னும் போகவில்லை. கூடத்துக்குள் மட்டும் இருட்டு அவசரப்பட்டு வந்து உட்கார்ந்திருந்தது, நாள்கணக்கில் திறக்காத அலமாரியின் வாடையோடு. அந்தத் திரை மகளுக்கு எட்டாது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறியிருக்கிறாள்.

"யாருடி மூடச் சொன்னது?"

"ஆன்ட்டிதான். முகத்துல வெயில் அடிக்குதாம்." மகள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

யாரோ ஒருத்தராவது அக்கறையாகப் பார்க்கிறார்களே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் நாள் முழுக்க ஈர விரிப்புகளை மெஷினிலிருந்து அள்ளி அள்ளிப் போட்டுவிட்டு வருகிறவளுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெம்பு ஏது? செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். வேலைக்குப் போகிற பெற்றோர் சிலர் கூடிப் பேசி வைத்தது. பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைகள் எல்லோரும் வீடியோ காலில் ஒன்றாக உட்கார்ந்து பாடம் எழுத வேண்டும். கண்ட கண்ட பக்கத்துக்குப் போகாமல், கண்டவர்களோடு பேசாமல், தினம் ஒரு அம்மாவோ அப்பாவோ அதே காலில் இருந்து காவல் பார்க்க வேண்டும். முறை வைத்துத்தான். இவள் முறை முதல்முதலாக வந்த அன்றே உடம்பு கெஞ்சியது. 'நீங்க ரெஸ்ட் எடுங்க, நான் பாத்துக்கறேன்' என்று பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஆன்ட்டி செய்தி போட்டாள். கையெடுத்துக் கும்பிடாத குறை. அப்புறம் இன்னொரு பையனின் அப்பாவான பஸ் டிரைவரின் முறையையும் அவளே எடுத்துக்கொண்டாள். அப்புறம் மற்றவர்களுடையதையும். வீடியோ மட்டும் போட மாட்டாள். ஒரு கறுப்புக் கட்டம், மெல்லிய குரல், அதற்குப் பின்னால் எங்கோ குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிற சத்தம்.

ஒரு நன்றியாவது சொல்லுவோம் என்று போனருகே குனிந்தாள்.

"தினமும் உங்களுக்குத்தான் தொந்தரவு. ஆமா, இதுல உங்க பிள்ள யாருங்க?"

கறுப்புக் கட்டத்திலிருந்து சிரிப்பு வந்தது. "எல்லாமே என்னோடதுதான்."

பேச்சுக்குச் சொல்வதுதானே. அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கட்டம் கட்டமாகப் பிள்ளைகள். ஒவ்வொன்றின் அம்மாவையும் அப்பாவையும் அவளுக்குத் தெரியும். இந்த ஆன்ட்டி யாருக்கும் அம்மா இல்லை. எல்லா வீட்டிலும் ஜன்னல் திரை மூடியிருந்தது.

சமையலறைக்குள் போய்த் தன் போனில் பஸ் டிரைவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த ஆன்ட்டி யாரோட அம்மா?"

"என்னம்மா இது? உன் ஃப்ரெண்டுன்னுல்ல நெனச்சிட்டிருக்கேன்! நீதானே குரூப்ல சேத்த?"

"நான் சேக்கலண்ணே."

டிப்போவில் ஏதோ பஸ் உறுமியது. அதற்கு மேலாக அவர் குரல் வந்தது. "பையன் வீட்டுல தனியா இருக்கான்மா."

கூடத்துக்கு ஓடினாள். அழைப்பு மணி அடித்தது. வாசலில் இல்லை. போனுக்குள். எல்லாக் கட்டத்திலும். ஒரே நேரத்தில்.

பிள்ளைகள் எழுந்தார்கள். குதூகலமாக.

"திறக்காதீங்க! யாரும் கதவத் திறக்காதீங்க!"

ஒரு தலையும் திரும்பவில்லை. அவள் பக்க மைக்கை ஆன்ட்டி அணைத்துவிட்டிருந்தாள். காவல் இருப்பவர் மட்டுமே அதைப் போட முடியும். அந்த விதியைப் போட்டதே பெற்றோர்தான்.

காலி நாற்காலிகள். தாழ்ப்பாள்கள் விலகும் சத்தம். டிரைவர் மகனின் கட்டத்துக்குள் ஒரு கை வந்தது. வெளிறிய கை. விரல் நுனியில் நீர் சொட்டியது. தூங்குகிற வீட்டில் விளக்கை அணைப்பதுபோல், பதறாமல், படத்தை அணைத்தது. அடுத்த கட்டத்தில் அதே கை. அதற்கு அடுத்ததிலும்.

மிச்சம் ஒரே கட்டம். அதில் அவளும் மகளும்.

வாசலில் மணி அடித்தது.

மகளை இழுத்து மார்போடு இறுக்கிக்கொண்டாள். "போகாதடி. என் கண்ணுல்ல, போகாத."

மகள் அழவில்லை. திமிறவில்லை. கதவைப் பார்த்துச் சிரித்தபடி, அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.