ரவிதேஜா குளிப்பாட்டிய கற்கள்

கொலு வைக்கப்போகும் வீட்டில் எதுவும் அழுக்காக இருக்கக் கூடாது. விளக்கு, குடம், தாம்பாளம் எல்லாவற்றையும் புளியும் எலுமிச்சம்பழத் தோலும் போட்டுத் தேய்ப்பார்கள். சும்மா நிற்கிற பிள்ளைகளையும் பிடித்துத் தேய்த்துவிடுவார்கள்.

சாய்ப்ரியா வீட்டில் அந்த வருடம் கற்களையும் தேய்த்துவிட்டார்கள். அதுதான் வம்பாகப் போயிற்று.

சாய்ப்ரியாவும் ஹிபாவும் ஆறாம் வகுப்புத் தோழிகள். இருவர் வீடும் உக்கடத்தில், அடுத்தடுத்த தெருவில். ஒரு மாதத்துக்கு முன்பு சாய்ப்ரியாவின் மாமா லட்சுமணசாமி, மதுக்கரைப் பக்கம் தன் தோட்டத்தில் கிணறு வெட்டினார். கிணற்றின் ஒரே சுவரில் சாம்பல், சிவப்பு, பச்சை, வெள்ளை என்று பல நிறக் கற்கள் பக்கம் பக்கமாக இருந்தன. பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகத் தோழிகள் இருவரும் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒவ்வொரு துண்டாக எடுத்து, வரிசை மாறாமல் காகிதத் துண்டில் எண் எழுதி, கல்லின் மேல் சோற்றுப் பசையால் ஒட்டினார்கள்.

அறிவியல் ஆசிரியை கனகம் டீச்சர் அதைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஏனம்மணி, இதுக்குப் பேரு ஸ்கார்ன். பூமிக்கு அடியில சுண்ணாம்புக்கல்லு சிவனேன்னு கெடந்திருக்கும். கீழேருந்து உருகுன பாறைக்குழம்பு ஏறி வந்து அதும் பக்கத்துல நின்னுக்கிச்சு. குழம்புலேருந்து கொதிக்கிற தண்ணி, இரும்பு அது இதுன்னு கரைச்சுக்கிட்டு, சுண்ணாம்புக்கல்லுக்குள்ள ஊறுச்சு. ஊறுன எடமெல்லாம் வேற வேற கல்லா மாறிப்போச்சு. கிட்ட ஒரு கல்லு, தள்ளி வேற கல்லு. எல்லாம் ஆறுனப்பறம் மறுபடி தண்ணி பூந்தா, செவப்புக் கல்லுகூட மெத்துனு பச்சையா மாறிப்போகும். சில ஊர்ல இந்த மாதிரி எடத்துல செம்பு, இரும்புத் தாதுகூடக் கெடைக்கும்."

"எங்க மாமா கிணத்துல செம்பு கெடைக்குமுங்களா டீச்சர்?"

"தண்ணி கெடைச்சுதல்ல? உங்க மாமா அதுக்கே சந்தோசப்படட்டும். ஆனா ஒண்ணு. இதுல வரிசைதான் கதையே. வரிசை போச்சுன்னா வெறும் கல்லு. வெறும் கல்லுக்குக் கண்காட்சியில மேசை குடுக்க மாட்டேன், சொல்லிப்போட்டேன்."

நாளைக் காலையில் கண்காட்சி. இன்று பள்ளி விட்டு இருவரும் சாய்ப்ரியா வீட்டுக்குள் நுழைந்தால், கற்கள் பளபளவென்று மின்னுகின்றன. ஒன்றில்கூட எண் இல்லை. பெரியது மேலே, சின்னது கீழே என்று கொலுப்படி மாதிரி அடுக்கி வைத்திருந்தது.

பக்கத்தில் சாய்ப்ரியாவின் தம்பி ரவிதேஜா நெஞ்சை நிமிர்த்தி நின்றான். ஒன்றாம் வகுப்பு.

"அக்கா, உன்ற கல்லு மேலெல்லாம் காயிதம் ஒட்டி ஒரே அழுக்கு. நாந்தான் தேச்சுக் குளிப்பாட்டினேன்!"

"உன்னை யாருடா கேட்டா? எல்லாத்தையும் கெடுத்துப்போட்டயேடா!"

அவன் முகம் சுருங்கிவிட்டது. ஒரே ஓட்டமாக ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான்.

ஹிபா கற்களை எடுத்து எடுத்துப் பார்த்தாள். "சாம்பல் நெறம் பாறைக்குழம்பு ஆறுன கல்லு. அது மொதல்ல. அப்பறம்? பச்சை ரெண்டு இருக்குது, வெள்ளையும் ரெண்டு இருக்குது. எது எங்கன்னு எனக்கு நெனப்பே வரலடி."

சாய்ப்ரியாவுக்கும் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"சாயி, தம்பி சாப்பிட வர மாட்டேங்கறான். இட்லி ஆறுது பாரு" என்று அம்மா கோமளா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்.

கோபத்தோடுதான் சாய்ப்ரியா கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். அவன் கையில் இன்னும் எலுமிச்சம்பழத் தோல் இருந்தது. நெடுநேரம் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிருந்தன. எவ்வளவு நேரம் தேய்த்தானோ! அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது.

"வா தங்கம். அக்கா ஊட்டி உடறேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்தான். "சாம்பாரை முழுசா ஊத்தாதக்கா. ஒரு ஓரமா ஊத்து."

ஒரு ஓரமாக ஊற்றினாள். இட்லியைப் பிட்டவள், அப்படியே நின்றுவிட்டாள். சாம்பார்ப் பக்கம் நன்றாகச் சிவந்திருந்தது. நடுவில் மஞ்சள். மறு பக்கம் வெள்ளை. பிட்ட துண்டின் ஒரு விளிம்பில் சிவப்பு, மறு விளிம்பில் மஞ்சள்.

"ஹிபா! துண்டு ஒவ்வொண்ணுலயும் பக்கத்துத் துண்டோட நெறம் ஒட்டிட்டு வருது பாரு! நம்ம கல்லுலயும் இருக்குமல்ல?"

ஹிபா ஓடிப்போய்க் கற்களைப் புரட்டினாள். சாம்பல் கல்லின் விளிம்பில் சிவப்புக் கோடு. சிவப்புக் கல்லின் மறு விளிம்பில் பச்சைப் புள்ளி. இரண்டு பச்சையில் கெட்டியாக இருந்ததன் ஓரத்தில் ஊசி ஊசியாக வெள்ளை.

"அடியே, அன்னிக்கு மண்ணு அப்பிக் கெடந்துச்சு, இதெல்லாம் தெரியவே இல்ல. கழுவுனதாலதான் தெரியுது!"

ரவிதேஜா இட்லியை மெல்வதை நிறுத்தினான்.

"வெள்ளையில எதுடா கடைசி?" என்று சாய்ப்ரியா அவனையே கேட்டாள்.

"இந்த வெள்ளை, எலுமிச்சம்பழம் பட்டதும் புசுபுசுன்னு பொரிஞ்சுச்சுக்கா. ஊசி வெள்ளை பொரியல."

"பொரிஞ்சா அது சுண்ணாம்புக்கல்லு! தண்ணி ஊறாத தூரத்துல இருந்தது. அதுதான் கடைசி!" என்று ஹிபா கை தட்டினாள்.

இன்னொரு பச்சைக் கல் மட்டும் மிச்சம். அது மெத்தென்று இருந்தது. எதனோடும் விளிம்பு பொருந்தவில்லை.

"அதுக்குள்ள சிவப்பு மணி ஒளிஞ்சிருக்குதுக்கா. தேய்க்கறப்ப பாத்தேன்."

மூன்று தலைகளும் குனிந்தன. உண்மைதான். பச்சைக்குள் குட்டிக் குட்டியாகச் சிவப்பு.

"டீச்சர் சொன்னாங்களே! எல்லாம் ஆறுனப்பறம் மறுபடி தண்ணி பூந்தா, செவப்புக் கல்லே மெத்துனு பச்சையா மாறுமுன்னு. இது செவப்போட சொந்தக்காரன்டி!" என்ற ஹிபா அதைச் சிவப்புக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்ப நான் கெடுக்கலயாக்கா?"

"பாதி கெடுத்த. பாதி கண்டுபுடிச்ச" என்று சாய்ப்ரியா அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் பாவாடையெல்லாம் சாம்பார்.

மறுநாள் கண்காட்சியில் கற்களின் பக்கத்தில் ஒரு தட்டில் இட்லியும் வைத்தார்கள், ஓரமாகச் சாம்பார் ஊற்றி. கனகம் டீச்சர் இட்லியைப் பார்த்தார், கற்களைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். பெயர் அட்டையில் மூன்று பெயர்கள் இருந்தன. மதியத்துக்குள் இட்லியை மட்டும் யாரோ தின்றுவிட்டார்கள்.

கண்காட்சி முடிந்ததும் கற்கள் வரிசை மாறாமல் கொலுவுக்கு வந்து மலையாக நின்றன. ரவிதேஜா அதன் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை.

கொலு பார்க்க ஹிபாவின் அம்மா மெஹராஜ் வந்தார். சிவப்புக் கல்லை எடுத்து, "எவ்வளவு அழகு!" என்று திருப்பிப் பார்த்து, கடைசி வெள்ளைக்கு அந்தப் பக்கம் வைத்தார்.

"ஏனுங்க அத்தை, அது ஊடு அங்க இல்லீங்க. சாம்பல் கல்லுக்குப் பக்கத்துலீங்க" என்றான் ரவிதேஜா.

மெஹராஜ் அதை எடுத்து அதன் வீட்டிலேயே வைத்தார். அதற்குப் பிறகுதான் அவர் கைக்குச் சுண்டல் வந்தது.