கலாராணி சொன்ன வீடு

கண்டிக்குப் போனால் எந்தப் பக்கம் தங்குவது என்பதுதான் சில நாட்களாகச் சஞ்சீவனி வீட்டில் பேச்சு. பேராதனைதான் வசதி என்றான் அவளுடைய கணவன் யதுர்சன். மகளைக் காட்டவேண்டிய காது டொக்டரின் கிளினிக் அங்கேதான் இருந்தது. காலையில் பிள்ளையை நடத்தியே கூட்டிப்போய்விடலாம். யாழ்ப்பாண பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தால்தானே போகிறது, அங்கேயே இறங்கிவிட்டால் சாப்பாட்டுக் கடைக்குக் குறைவில்லை என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கலாராணி இரண்டையும் தட்டிவிட்டாள்.

"பேராதனை முழுக்க வாகன இரைச்சலடி. கட்டுகஸ்தோட்டையில காலையில றோட்டைக் கடக்கேலாது. அம்பிட்டிய றோட்டில, வாவிக்கு மேல ஒரு வீடு இருக்கு. நான் கண்டியில வேலை செய்யேக்க இருந்த வீடு. அமைதி எண்டா அப்பிடி அமைதி. நானே கதைச்சு மேல் அறையை எடுத்துத் தாறன்."

கலாராணியும் சஞ்சீவனியும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். கலாராணிக்கும் அக்சரா என்று ஒரு சின்ன மகள். சஞ்சீவனியின் மகள் மிதுனாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவளும் கலாராணிதான். "கூப்பிட்டால் திரும்புறாளில்லையடி" என்று சொல்லிவிட்டு, தாயோடு சேர்ந்து அழுதவள். அவள் சொன்னால் சஞ்சீவனிக்கு மறுபேச்சில்லை.

"பிள்ளையையும் கூட்டிக்கொண்டுதானே போறாய்?" என்று கலாராணி கேட்டாள்.

"காது காட்டப் போறதே அவளுக்குத்தானேயடி, விசரி!" என்று சஞ்சீவனி சிரித்தாள்.

கலாராணி சிரிக்கவில்லை.

லீவு இல்லாத யதுர்சன் ஊரில் நின்றுவிட, தாயும் மகளுமாகக் கண்டி பஸ் நிலையத்தில் இறங்கியபோது பின்னேர மழை தொடங்கியிருந்தது. ஹுதைபா என்ற ஓட்டோக்காரர் பையை வாங்கி வைத்துக்கொண்டே இடத்தைக் கேட்டார். சொன்னதும் முன்கண்ணாடியால் பின்சீட்டில் இருந்த பிள்ளையைப் பார்த்தார்.

"சின்னப் புள்ளய வெச்சிக்கிட்டு எதுக்கும்மா அந்த மேட்டுக்கு? டவுன்லயே நல்ல ரூம் இருக்கே."

"தெரிஞ்ச ஆக்கள் எடுத்துத் தந்தது, நானா" என்றாள் சஞ்சீவனி, அவரை அண்ணன் முறை வைத்து.

"தெரிஞ்ச ஆக்களா?" என்று கேட்டுவிட்டு அவர் ஓட்டோவைக் கிளப்பினார். இறக்கிவிடும்போது, "வளைவுல தேத்தண்ணிக் கடை இருக்கு, மழ விடுற வரைக்கும் அங்கதான் இருப்பேன். என்ட நம்பர போன்ல போட்டுக்குங்க" என்றார்.

வீடு பழையது. ஓட்டுக் கூரை பாசி பிடித்துக் கறுத்திருந்தது. கதவைத் திறந்ததும் ஈர மரத்தின் வாடையோடு இன்னொரு வாசனையும் வந்தது. வயதானவர்கள் பூசிக்கொள்ளும் முகப்பவுடரின் வாசனை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நல்லம்மா ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்துக்காரி. வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்காகச் சமைத்துக் கூட்டித் துடைப்பவள். அவளிடம் அந்த வாசனை இல்லை.

"வாங்கம்மா. மேல் ரூமைப் பொதுவா யாருக்கும் குடுக்கிறதில்லீங்க. உங்க கூட்டாளிதான் போன்ல ஒரே அடம். மேலதான் வேணுமாம்."

மரப்படிகளில் ஏறும்போது மிதுனா நின்று நின்று மேலே பார்த்தாள்.

அறையில் ஒரு கட்டில், ஓர் அலுமாரி, ஜன்னலோரம் ஒரு சாய்வு கதிரை. கீழே வாவி சாம்பல் நிறத்தில் கிடந்தது. மழை ஓட்டில் அடித்ததில் மிதுனாவின் காது மெஷின் கீச்சிடத் தொடங்கவே, சஞ்சீவனி அதைக் கழற்றித் துடைத்து மேசையில் வைத்தாள். மெஷின் இல்லாவிட்டால் பிள்ளைக்கு இடிச்சத்தமும் கேட்காது. வாயசைவைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்வாள்.

சஞ்சீவனி பையைத் திறந்து உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் மிதுனாவின் குரல்.

"ஓம்."

திரும்பிப் பார்த்தாள். பிள்ளை கதிரைக்கு முன்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தது.

"மிதுனா."

பிள்ளை திரும்பவில்லை. அதுதான் வழக்கம். சஞ்சீவனி கிட்டப் போய்த் தோளைத் தொட்டு, தன் முகத்துக்கு நேரே திருப்பினாள்.

"ஆரோடை கதைக்கிறாய்?"

"அன்ரியோடை."

கதிரை வெறுமையாக இருந்தது.

"என்னவாம் அன்ரி?"

"வந்திட்டியோ எண்டு கேக்கிறா." மிதுனா மெல்லச் சிரித்தாள். "அம்மா, அன்ரி உங்களை மாதிரி இல்லை. வாயைத் திறக்காமலே கதைக்கிறா. எனக்கு நல்லாக் கேக்குது."



மகளுக்கு ஏதாவது கேட்க வேண்டும் என்று அவள் வேண்டாத கோயில் இல்லை. இன்றைக்குக் கேட்கிறது என்கிறாள்.

அவள் கதிரையைப் பார்த்தாள். அதன் துணியில் ஆள் இருந்தால் விழுவதுபோல ஒரு பள்ளம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் மெதுவாக நிமிர்ந்தது.

யாரோ எழுந்துவிட்டார்கள்.

வெளியே எடுத்த உடுப்புகளை அவள் மடிக்கவில்லை. மேசையில் கிடந்த காது மெஷினையும் சேர்த்துப் பைக்குள் திணித்தாள். ஒரு கையில் பை, மறுகையில் பிள்ளை. படியிறங்கும்போதே ஹுதைபாவைக் கூப்பிட்டாள். "வாறேம்மா" என்றவர், ஏன் என்று கேட்கவில்லை. கீழே நல்லம்மாவும் கேட்கவில்லை. வெளிக்கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, "சத்தம் போடாமப் போயிருங்கம்மா" என்றாள் தணிந்த குரலில்.

மழை விட்டிருந்தது. முற்றத்து மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. ஓட்டோ கேற்றடியில் வந்து நின்றது. அவர்கள் வாசற்படியைக் கடந்துவிட்டார்கள். இனி என்ன, தப்பிவிட்டோம் என்றுதான் சஞ்சீவனி நினைத்தாள்.

மிதுனா கையை இழுத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் திரும்பி, படிகளைப் பார்த்து, பழகிய மழலையில் தெளிவாகச் சொன்னாள்.

"போட்டு வாறன், அன்ரி."

போய்விட்டு வருகிறேன் என்று, ஒரு வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது எந்தத் தாயும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுதான். போறன் என்று சொல்லக்கூடாது. போகிறவர் திரும்பி வரவேண்டும், அதனால் வாறன் என்றே சொல்ல வேண்டும். மிதுனாவின் கையைத் தன் தொண்டையில் வைத்து, அதிர்வைத் தொட்டுத் தொட்டு உணரவைத்து, மாதக்கணக்காகப் பாடுபட்டு அவளுக்கு அந்தச் சொற்களைப் பழக்கியவள் சஞ்சீவனிதான்.

மேலே மரப்படி ஒன்று கிறீச்சிட்டது.

"ஓம் பிள்ளை. பாத்துக்கொண்டிருக்கிறன்."

இந்தமுறை அது சஞ்சீவனிக்கும் கேட்டது. யாழ்ப்பாணத்துக் குரல். அன்பான, களைத்த குரல்.

"யா அல்லாஹ்" என்றார் ஹுதைபா.

நல்லம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "சொல்லிருச்சே! பாப்பா சொல்லிருச்சே! அதுக்குக் காது கேக்காது, பேச்சும் வராதுன்னு உங்க கூட்டாளி சொன்னாங்க. அதை நம்பித்தான் நான் எச்சரிக்கலீங்க."

"ஆரக்கா அது?"

"இங்க முந்தி இருந்த டீச்சரம்மா. உங்க ஊர்தான். கலவரம் நடந்த காலத்துல, மகளைப் பத்திரமா இருக்கட்டும்னு ஊருக்கு அனுப்பிச்சாங்களாம். அந்தப் பொண்ணு இதே வாசல்ல நின்னு போட்டு வாறன்னுச்சாம். வரவே இல்ல. ஜன்னல்கிட்ட உக்காந்து பார்த்துக்கிட்டே டீச்சரம்மாவும் செத்துப்போச்சு. இப்ப யார் அப்படிச் சொன்னாலும் நம்பிருது. வரலைன்னா தேடிக்கிட்டுப் போகுது."

சஞ்சீவனி கலாராணிக்கு அழைத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"கலா, இந்த வீட்டில என்னடி இருக்கு?"

மறுமுனையில் மிக மெல்ல ஒரு கேள்வி.

"மிதுனா சொல்லீட்டாளோ?"

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

"தெரிஞ்சுதான் அனுப்பினியா?"

"சஞ்சி, கேளடி. நானும் வெளிக்கிடேக்க பழக்கத்தில சொல்லிப்போட்டன். பிறகு மறந்தே போச்சு. அக்சரா நடக்கத் தொடங்கின பிறகுதான் அந்த அன்ரி எங்கட வீட்டுக்கு வந்தவா. பொழுதுபட்டால் கேற்றடியில நிண்டு கூப்பிடுவா. முதல்ல என்னை. பிறகு பிள்ளையை. பிள்ளை எழும்பி நடக்குதடி! நான் என்ன செய்ய? எங்களுக்குப் பதிலா வேற ஒரு பிள்ளை வரும் எண்டு அவவிட்ட சொல்லிப்போட்டன்."

"என்ர பிள்ளை."

"மிதுனாக்குக் காது கேக்காதுதானே." கலாராணி விம்மினாள். "கூப்பிட்டாலும் கேக்காது எண்டு நினைச்சன்."

கூடவே அழுத அந்த நாளில்தான் கலாராணி இதையும் மனதில் குறித்துக்கொண்டாளோ என்று சஞ்சீவனிக்குத் தோன்றியது.

மிதுனா அவளுடைய கையை விட்டுவிட்டு, படிப் பக்கமாக ஓரடி எடுத்து வைத்தாள். பிறகு இன்னோரடி. மெல்ல, தூக்கத்தில் நடப்பவளைப் போல.

சஞ்சீவனி பாய்ந்து பிள்ளையைத் தூக்கினாள். "இதை மாத்தேலாதா அக்கா?"

"போறோம், இனி வரமாட்டோம்னு நேரா சொல்லணும்ங்க. ஆனா இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. நம்ம வாயால அது வருமாங்க? எழவு வீட்டுப் பேச்சில்லையா?"

போனுக்குள் கலாராணி கத்தினாள். "சஞ்சி, சொல்லாதை! நீ மாட்டன் எண்டால் இஞ்சதான் திரும்பி வருவா. உன்ர காலைப் பிடிக்கிறன். அக்சரா உன்ர மடியில வளந்த பிள்ளையடி!"

உண்மைதான். அக்சராவுக்கு முதல் சோறு ஊட்டியது சஞ்சீவனி.

அவள் மிதுனாவின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். மரப்படிகளுக்கு நேரே நின்றாள்.

"நாங்கள் போறம். இனி வரமாட்டம்."

ஒரு சத்தமும் இல்லை.

பிறகு மேலேயுள்ள படி கிறீச்சிட்டது. அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது.

இறங்கி வந்தது.

பவுடர் வாசனை அவளுடைய கன்னத்தை உரசிக்கொண்டு கடந்தது. வாசலில் ஒரு கணம் நின்றது. முற்றத்துச் சேற்றில் தடம் எதுவும் விழவில்லை. ஆனால் சாத்தியிருந்த கேற்றின் ஒரு பக்கம் தானாகத் திறந்து, தானாகச் சாத்திக்கொண்டது.

போனுக்குள் நாய் குரைத்தது. தூரத்தில் ஒரு சின்னக் குரல்:

"அம்மா, கேற்றடியில அன்ரி வந்து நிக்கிறா."

தொடர்பு அறுந்தது.

பேராதனைக்குப் போகும் வழி முழுக்க ஹுதைபா எதையோ முணுமுணுத்து ஓதிக்கொண்டே போனார். றோட்டில் வாகனங்கள் இரைந்தன. அந்த இரைச்சலில் சஞ்சீவனிக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் பிறகு எப்போது நினைத்தாலும் அவளைக் கூசவைத்தது.

மறுநாள் டொக்டர் மிதுனாவைச் சோதித்தார். மாற்றம் எதுவும் இல்லை என்றார். ஒன்றும் கேட்கவில்லை என்று ஒரு டொக்டர் சொல்ல, அதைக் கேட்டு ஒரு தாய் கும்பிட்டது அநேகமாக அங்கே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஊருக்கு வந்த பிறகு அவள் கலாராணி வீட்டுப் பக்கம் ஒருநாள் போனாள். கேற்றில் சங்கிலி போட்டிருந்தது. பிள்ளைக்கு ஏதோ சுகமில்லை, இரவோடிரவாக எங்கோ கொண்டு போனார்கள் என்று அயலில் சொன்னார்கள். என்ன சுகமில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயந்தாள். அவளுக்குச் செய்யப்பட்டதும் அவள் செய்ததும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்போல மனதுக்குள் முறுகிக் கிடந்தன. எந்த முனையை இழுத்தாலும் வலித்தது.

பள்ளிக்கூடம் தொடங்கியது. யதுர்சன் விடியவே வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் தாயும் மகளும்தான். வெள்ளைச் சட்டையோடு மிதுனா கேற்றடியில் நின்று திரும்பினாள். வான்காரன் ஹோர்ன் அடித்தான்.

"அம்மா, போறன்."

சஞ்சீவனி ஓடிப்போய் அவளுக்கு முன்னால் குந்தி, தன் வாயைப் பார்க்கவைத்துச் சொன்னாள்.

"அப்பிடிச் சொல்லக்கூடாது, குஞ்சு. போட்டு வாறன் எண்டு சொல்லு."

மிதுனா அவளுடைய வாயைப் பார்க்கவில்லை. தாயின் தோளுக்கு மேலாக, யாரும் இல்லாத வீட்டின் திறந்த வாசலைப் பார்த்தாள். அங்கிருந்து முகப்பவுடரின் வாசனை மெல்ல வந்தது.

"சொல்லட்டோ?" என்று கேட்டாள்.

கேட்டது அம்மாவை அல்ல.