கடைசி ஒரு சாண்

குழாயிலிருந்து கொட்டிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மூன்று நாள் மழையில் விரல் விறைத்துப்போயிருந்த மேஸ்திரி, சேற்றுக் கையைக் கழுவ நீட்டியவர், சட்டென்று இழுத்துக்கொண்டார். பன்னிரண்டடிப் பள்ளத்தின் அடியிலிருந்து டீசல் மோட்டார் உறிஞ்சிக் கொட்டுகிற மழைத்தண்ணீர்தான் அது. ஆனால் அதில் காய்ச்சல்காரன் உடம்புச் சூடு இருந்தது. டீசல் புகைக்கும் நனைந்த சாக்குக்கும் அடியில் இன்னொரு வாசனை, பச்சைக் காயத்தைக் கழுவும்போது வருமே, அந்த வாசனை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

தப்பு அவருடையது. அஸ்திவாரம் தோண்டுகிறவன் கடைசி ஒரு சாண் மண்ணைத் தொடமாட்டான். காங்கிரீட் வண்டி வந்து நின்ற பிறகுதான் அதை வெட்டுவான். முன்னாலேயே வெட்டினால் மழை அடிமண்ணைக் கூழாக்கிவிடும். வெயிலை நம்பி அதையும் வெட்டச் சொல்லிவிட்டார். மறுநாளே வானம் பொத்துக்கொண்டது.

“தோலை உரிச்சு மழையில போட்டுட்டீங்க மாமா,” என்றான் மச்சினன்.

மனைவிக்கு ஒரே தம்பி. மூன்று பிள்ளைக்காரன். காலையில் கிளம்பும்போது அவள் வேறெதுவும் சொல்லவில்லை. அவனை மேலேயே வைத்துக்கொள்ளச் சொன்னாள், அவ்வளவுதான்.

கரையில் நின்றபடியே நீளக் கம்பியை அடிமண்ணில் குத்திப் பார்த்தார். நேற்று ஒரு முழம் இறங்கிய இடத்தில் இன்று ஆளுயரம் இறங்கியது. இழுத்தபோது மண் விட மனமில்லாமல் விட்டது.

மத்தியானம் மோட்டார் இருமத் தொடங்கியது. குழாய் வாயில் சேறு அடைத்திருக்கும். யாராவது இறங்க வேண்டும். மழைக்குப் பயந்து வேறு ஆள் யாரும் வரவில்லை. மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டினார்.

“அந்த முட்டியை வச்சுக்கிட்டு நீங்க இறங்கினா, தூக்குறதுக்கு கிரேன்தான் வரணும்,” என்று சொல்லிக்கொண்டே மச்சினன் கரையில் செருப்பைக் கழற்றிப் போட்டான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். மோட்டார் மறுபடி இருமியது. சொல்லை விழுங்கிக்கொண்டார்.

ஏணி கிறீச்சிட்டது. சேறு சளக்கென்றது. பிறகு அடியிலிருந்து அவன் குரல், தூக்கக் கலக்கம்போல.

“கீழ சூடா இருக்கு மாமா. காலுக்கு இதமா இருக்கு.”

மோட்டாரின் தார்ப்பாய் காற்றில் பிய்த்துக்கொண்டது. இழுத்துக் கட்டத் திரும்பினார். இரண்டு முடிச்சு. அதற்குள் மோட்டார் சீராக ஓடத் தொடங்கியது.

“சரியாயிடுச்சு மாப்ள, ஏறி வா.”

பதில் இல்லை.

எட்டிப் பார்த்தார். ஏணி இருந்தது. குழாய் இருந்தது. ஆள் இல்லை. கரை சரியவில்லை. ஒரு குமிழி இல்லை.

முட்டியை மறந்து இறங்கினார். இடுப்பு வரை புதையும் என்று காலை வைத்தார். ணங்கென்று தட்டியது. தரை. ரசமட்டம் வைத்துத் தேய்த்ததுபோல் வழவழவென்று, இறுகி, பாறையாக. மூலையில் கிடந்த கடப்பாரையால் குத்தினார். பொறி பறந்தது. கைத்தோல் உரிகிறவரை குத்தினார்.

நாலு மணிக்கு நாலு ஆளோடு இன்ஜினியர் வந்தார். அவர்களும் குத்திப் பார்த்தார்கள். சேறே இல்லாத இடத்தில் ஆள் எப்படிப் புதைவான் என்று கேட்டார்கள். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான் என்றார்கள்.

“செருப்பை விட்டுட்டா?” என்றார் மேஸ்திரி.

கரையில் அந்தச் செருப்பில் மழைநீர் நிரம்பி நின்றது. இன்ஜினியர் குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்தார். இவ்வளவு நல்ல அடிமண் கண்டதில்லை என்றார். மழை மறுபடி பிடிப்பதற்குள் காங்கிரீட் வண்டியை வரச் சொன்னார்.

எல்லோரும் ஏறிவிட்டார்கள். மேஸ்திரி மட்டும் கம்பியை எடுத்து, அவன் நின்ற இடத்தில் ஊன்றி, முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்தினார். நகம் அளவுகூட இறங்கவில்லை.

கம்பி சூடாக இருந்தது.

துடித்தது. உள்ளங்கையில். டும். டும். டும்.

மேலே வண்டி பின்னோக்கி வந்து நின்றது. உருளை சுழலும் சத்தம். துடிப்பு வேகமெடுத்தது, ஓடி வந்தவன் நெஞ்சுபோல. நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

அது விழவில்லை. ஓட்டையே விழாத தரையின் மேல் நேராக நின்றது. அடியிலிருந்து யாரோ இறுகப் பிடித்திருப்பதுபோல, நடுங்கியபடி.