ஐநூத்துப்பேட்டைக் கயிறு

வேலந்தாவளம் சந்தையில் வாங்கிய கறவை மாட்டோடு கந்தப்பனும் மைத்துனன் குப்பண்ணனும் திரும்பியபோது தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. எழுபத்தேழாம் வருடத்து ஐப்பசி. வீட்டில் கந்தப்பனின் மனைவி ராமாத்தாளுக்குப் பால் வற்றி, பச்சைக் குழந்தை சர்க்கரைத் தண்ணீரில் கிடந்தது. காத்திருக்க முடியாது. ஐநூத்துப்பேட்டை வழியாகச் சுற்றிப் போனார்கள்.

பழைய வணிகர்கள் கட்டிய ஊர். யானை நுழையும் கல்வாசல், இருபுறமும் தூண் வைத்த கடைத்தெரு, நிறைந்த தாமரைக்குளம்.

"இப்படியொரு ஊரை ஒளிச்சு வெச்சுட்டு நம்மாளுக கொழிஞ்சாம்பாறையிலயே குந்தியிருக்கறாங்க பாருங்க மச்சான்!" என்றான் குப்பண்ணன்.

வாசல்தோறும் கோலம். காலையிலிருந்து பெய்த மழையில் ஒரு கோடுகூடக் கலையவில்லை. தெருவில் ஆளில்லை.

மாடு மிரண்டு இழுத்தது. புதுக்கயிறு அறுந்தது.

ஒரு வீட்டு வாசலில் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். உள்ளே போய்ப் பழைய கயிறு ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் பால் வாசம் அடித்தது.

"கொழந்தைக்குங்களா மாடு?"

அவளிடம் யாரும் சொல்லவில்லை.

மாடு விற்பவன் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்வான். கயிறு போனால் அந்த வீட்டு லட்சுமியும் கூடப் போய்விடும் என்பது நம்பிக்கை. அடுத்த வீட்டுக் கயிற்றை யாரும் தொடமாட்டார்கள்.

"வேண்டாமுங்க மச்சான்," என்று குப்பண்ணன் கிசுகிசுத்தான்.

கந்தப்பன் குழந்தையை நினைத்தான். வாங்கிக்கொண்டான்.

கல்வாசலைத் தாண்டியதும் மாடு அடங்கி நடந்தது. குப்பண்ணன் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தான். வாய்க்கால் கரையில் நின்றான்.

"கயித்தை வீசுங்க மச்சான்."

"ஏன்டா மாப்ளே?"

"பின்னால சேத்துல பாருங்க. மூணு பேரு தடம்."

மூன்றாவது தடம் வெறுங்கால். சின்னக் கால்.

கந்தப்பன் கயிற்றை வாய்க்காலில் எறிந்தான். அது சுழன்று முழுகியது. மாட்டின் கழுத்தில் துண்டைக் கட்டி ஓட்டினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் வீடு சேர்ந்தார்கள். கந்தப்பன் தொழுவத்திலேயே பால் கறந்து, சொம்போடு உள்ளே வந்தான்.

அழுகைச் சத்தம் இல்லை.

"மெதுவாப் பேசுங்க," என்றாள் ராமாத்தாள். அவள் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு சிரிப்பு. "வயிறு முட்டக் குடிச்சுட்டு இப்பத்தான் தூங்குது."

"பாலு இங்கதானே இருக்குது?"

"உங்ககூட வந்த அக்காதானுங்க குடுத்தாங்க. தூளிகூட அவங்க கட்டுனதுதான். நீங்க கூட்டிட்டு வந்தவங்கதானே?"

கந்தப்பன் நிமிர்ந்து பார்த்தான்.

உத்தரத்தில் அந்தக் கயிறு. வாய்க்கால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பாய்ந்து குழந்தையைத் தூக்கினான். மூச்சு இருந்தது. உதட்டோரம் பால் வழிந்தது.

வெறுந்தூளி நிற்கவில்லை.

யாரோ ஆட்டுவதுபோல் ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்தது.